22 அடி பாய்மரப் படகு: ஸ்விங் கீலைக் கழற்றி பிவட்டைச் சரிசெய்வது பற்றி

பாய்மரம்_ஈசிஆர்:

எல்லாருக்கும் வணக்கம். டிரெய்லர்ல ஏத்தி இறக்குற 22 அடி ஃபைபர் படகு. அடியில காஸ்ட் அயர்ன் ஸ்விங் கீல் (படகு சாயாம இருக்க தண்ணிக்குள்ள இறக்கி ஏத்துற இரும்புத் தகடு), எடை சுமார் 250 கிலோ. கீலோட முன்முனை ஒரு இஞ்ச் தடிமனுள்ள அச்சாணியில (பின், அதுதான் பிவட்) தொங்குது. அந்தப் பின்னை ரெண்டு பக்கமும் பிராக்கெட் தாங்குது, ஒரு பிராக்கெட்டுக்கு ரெண்டு எம்12 போல்ட், கீழேயிருந்து மேல முடுக்கினது. பின்முனையை வயர் ரோப் தூக்குது, அதைச் சுத்துற வின்ச் (கைப்பிடி உருளை) கேபினுக்குள்ள இருக்கு.

கீலை இறக்கிட்டு அலையில நின்னா டொக் டொக்னு சத்தம். தொங்கவிட்டு நுனியைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்தா பக்கவாட்டுல 5 செ.மீ. ஆடுது. துரு செதில் செதிலா உரியுது. வயர்ல ரெண்டு இழை அறுந்து நீட்டிக்கிட்டிருக்கு. பெரும்பாலும் முட்டுக்காடு உப்பங்கழியிலதான் ஓடுது, அதனால மணல் நிறைய உள்ள போகும்.

படகு ஈ.சி.ஆர். பக்கம் ஒரு ஷெட்ல நிக்குது. தரை கான்கிரீட், ஆனா கூரை தாழ்வு, உள்ள கிரேன் வராது. ஜாக்கியை வைச்சே கீலை இறக்கிட முடியுமா? பின்னை மட்டும் மாத்தினா போதுமா? இந்த ஊர் ஈரக்காத்துல எந்தப் பெயின்ட் நிக்கும்? ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சாகணும்.

---

துறைமுகம்_61:

ஜாக்கியில் முடியும். ஆனால் நான் செய்யச் சொல்ல மாட்டேன். டிரெய்லரை ஷெட்டுக்கு வெளியே இழுத்து ஹைட்ரா கிரேனைக் கூப்பிடுங்கள், ஒரு மணி நேர வேலை. வரிசை தலைகீழாகப் போனால்தான் ஆபத்து, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

கீலைப் படகிலிருந்து இறக்கக் கூடாது. கீலை டிரெய்லரில் விட்டுவிட்டுப் படகைத்தான் தூக்க வேண்டும். முதலில் மாஸ்ட்டை (பாய்மரக் கம்பத்தை) இறக்கி, படகுக்குள் இருக்கும் பேட்டரி, நங்கூரம், தண்ணீர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. டிரெய்லரின் நடு நெடுக 2 இஞ்ச் கனமுள்ள பலகை ஒன்றைப் போட்டு, வின்ச்சை மெல்ல விட்டு, கீலின் முழு எடையும் பலகையில் உட்காரும்படி செய்யுங்கள். வயர் தளர்ந்து தொங்க வேண்டும். தளராவிட்டால் எடை இன்னும் வயரிலும் பின்னிலும்தான் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது போல்ட்டைத் தொடாதீர்கள்.

கீல் தடிமன் குறைந்த தகடு. பிராக்கெட் விட்டதும் பக்கவாட்டில் சாயும், 250 கிலோ சாய்ந்தால் கை கொடுத்து நிறுத்த முடியாது. ஆகவே போல்ட் கழற்றுவதற்கு முன்பே கீலின் இருபுறமும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என நான்கு கட்டைகளைப் பலகையில் ஆணியடித்து அணை கொடுங்கள். மேலே ராட்செட் பெல்ட் போட்டு டிரெய்லர் சட்டத்தோடு இறுக்குங்கள்.

அதன் பிறகு வயரின் கிளெவிஸ் பின் (வயரைக் கீலோடு கோர்க்கும் ஆணி), அப்புறம் நான்கு போல்ட்டையும் கழற்றுங்கள். நீட்டுக் கம்பியும் யுனிவர்சல் ஜாயிண்ட்டும் உள்ள சாக்கெட் செட் வேண்டும், சாதா ஸ்பேனர் எட்டாது. இறுகிப்போன போல்ட்டுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் ஊற்றிவிட்டு, மறுநாள் இறுக்கும் பக்கம் சிறிது அசைத்துவிட்டுத்தான் தளர்த்த வேண்டும். கேஸ் டார்ச் வேண்டவே வேண்டாம். போல்ட் பிடித்திருக்கும் தகடு ஃபைபருக்குள் புதைந்திருக்கிறது. சூடு பட்டால் ரெசின் இளகி அந்தத் தகடே உள்ளே சுழலும், அப்புறம் தரையை அறுக்க வேண்டியதுதான்.

படகைத் தூக்க 4 இஞ்ச் அகலப் பாலியஸ்டர் பெல்ட் இரண்டு, மேலே படகின் அகலத்தைவிட நீளமான ஸ்பிரெடர் கம்பி. கம்பி இல்லாமல் ஒரே கொக்கியில் மாட்டினால் பெல்ட் படகின் இரு விளிம்பையும் உள்ளே நெரித்து, டெக் சேரும் இடத்தில் விரிசல் விடும். பெல்ட்டுகள் உள்ளே பல்க்ஹெட் (குறுக்குத் தடுப்புச் சுவர்) இருக்கும் இடத்துக்கு நேர் கீழே வர வேண்டும். ஒரு விரல்கடை தூக்கி நிறுத்தி, கீலோ பிராக்கெட்டோ ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு மேலே. டிரெய்லரை இழுத்ததும் படகைப் பழைய லாரி டயர் மேல் இறக்கிவிடலாம். தொங்கும் படகுக்குக் கீழே யாரும் குனியக் கூடாது, கழன்ற வாஷரை எடுக்கக்கூட.

ஜாக்கிதான் என்றால் ஒன்று சொல்கிறேன்: படகின் முன்பக்கத்தைக் குறுக்கே தாங்கும் பீமின் அடிப்பக்கம், டிரெய்லரில் நிற்கும் கீலின் உச்சியைவிட 5 செ.மீ.யாவது உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிரெய்லரை முன்னால் இழுக்கும்போது கீல் பீமில் முட்டும். அந்த உயரத்தைக் கட்டை அடுக்கி எட்டுவதற்குள் கிரேன் வாடகை மலிவாகத் தெரியும்.

---

பாடி_லேத்:

பின்னை மட்டும் மாத்தினா காசு தண்டம். ஏன்னு கணக்கு பாருங்க. பின் நுழையுற இடத்துல கீல் கனம் 50 மி.மீ.னு வைச்சுக்குங்க, பிவட்டுலேர்ந்து நுனி வரைக்கும் 1.4 மீட்டர். துளைக்கும் பின்னுக்கும் 2 மி.மீ. இடைவெளி இருந்தா நுனியில 56 மி.மீ. ஆடும். உங்க 5 செ.மீ. ஆட்டத்துக்கு அதுவே கணக்கு. தேய்ஞ்சது பின் மட்டும் இல்லை, துளையும் முட்டை வடிவம் ஆயிருக்கும். மணல் உள்ள போய் அரைக்கிறதால இது இன்னும் சீக்கிரம் நடக்கும். புதுப் பின்னை அந்த முட்டைத் துளையில போட்டா ஒரே கோட்டுலதான் உட்காரும், அடுத்த சீசன்லயே பள்ளம் விழும்.

கீலைக் கழற்றினதும் வெர்னியர் வைச்சு துளையை நெட்டுக்கு ஒண்ணு, குறுக்க ஒண்ணு அளந்து போடுங்க. பிராக்கெட் துளை ரெண்டையும் அதே மாதிரி அளங்க. அதை விட்டுட்டு கீலை மட்டும் சரிபண்றவங்க நிறைய.

வேலை இதுதான். கீல் துளையை 36 மி.மீ.க்கு போர் பண்ணி, கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ் போடணும், அதாவது துளைக்குள்ள உட்காருற குழாய். வெளிவிட்டம் 36, உள்விட்டம் பின்னைவிட 0.2 மி.மீ. கூட. அப்போ நுனி ஆட்டம் 6 மி.மீ.க்குள்ள அடங்கிடும். அதைவிட டைட்டா வைக்காதீங்க, ஒரு மணல் துணுக்கு போனாலே கீல் பாதியில நிக்கும். புஷ்ஷை ஹைட்ராலிக் பிரஸ்ல அடிச்சு ஏத்த வேண்டாம், காஸ்ட் அயர்ன் ஓரம் கம்மியா இருக்குற பக்கம் பிளந்துக்கும். துளையில 0.1 மி.மீ. லூஸ் விட்டு எபாக்ஸி தடவி உட்கார வைங்க. எபாக்ஸி படலம் இரும்பையும் கன்மெட்டலையும் பிரிச்சும் வைக்கும், உப்புத்தண்ணியில இரும்பு அரிக்கிறது குறையும்.

போரிங் வேலையை கை டிரில்ல செய்யவே கூடாது. துளை கீலோட முகத்துக்கு 90 டிகிரியில இல்லேன்னா கீல் ஒருபக்கமா சாஞ்சே தொங்கும், ட்ரங்குல (கீல் மேல ஏறி உட்காருற கூடு) உரசும். பாடி, அம்பத்தூர் எஸ்டேட்ல ஹரிசான்டல் போரிங் மெஷினோ பெரிய ரேடியல் டிரில்லோ வைச்சிருக்கிற பட்டறையில கொடுங்க. கீல் 250 கிலோதான், குட்டியானையில ஏத்திடலாம். பட்டறையில தட்டையான முகம் எது, சாய்வு முகம் எதுன்னு சாக்பீஸ்ல எழுதிக் கொடுங்க. கீல் ரெண்டு பக்கமும் பெரும்பாலும் வளைவு, அவங்க எந்தப் பக்கத்தை ஆதாரமா எடுக்கணும்னு அவங்களுக்குத் தெரியாது.

வெல்டிங் வைச்சு துளையை நிரப்பிடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. காஸ்ட் அயர்னை நிக்கல் ராட்ல, முன்சூடு பண்ணி, மெதுவா ஆறவிட்டாத்தான் நிக்கும். துளை ஓரத்துல, உப்பு ஊறின இரும்புல அது நடக்காது. வெல்டு பக்கத்துலயே முடி மாதிரி விரிசல் ஓடும்.

பின்னுக்கு அலுமினியம் பிரான்ஸ் ரவுண்ட் பார் வாங்குங்க, டெஸ்ட் சர்டிஃபிகேட் கேட்டு. பித்தளை வேண்டாம். கடல் தண்ணியில துத்தநாகம் கரைஞ்சு போய் வெளியே பார்க்க முழுசா இருக்கும், சுத்தியல்ல தட்டினா உள்ள செம்பு நிறத்துல பொரபொரன்னு உடையும்.

பக்கவாட்டுக்கு கீலுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல டெல்ரின் (கெட்டி பிளாஸ்டிக்) வாஷர் கடைஞ்சு போடுங்க, ரெண்டு பக்கமும் சேர்த்து 1 மி.மீ. இடைவெளி மிஞ்சினா போதும். நைலான் வேண்டாம். தண்ணி குடிச்சு உப்பும், கீல் இறங்காது.

---

பாய்மரம்_ஈசிஆர்:

ரொம்ப நன்றி சார், ரெண்டு பேருக்கும். கிரேனையே கூப்பிட்டுடறேன். பின்னுக்கு எஸ்.எஸ். 316 போட்டா என்ன? செம்புதாஸ் தெருவுல உடனே கிடைக்குதே.

---

பாடி_லேத்:

போடலாம், ஆனா தெரிஞ்சு போடுங்க. ஸ்டெயின்லெஸ் துரு பிடிக்காம இருக்குறதே மேல காத்து படுறதாலதான். புஷ்ஷுக்குள்ள உப்புத்தண்ணி தேங்கி, ஆக்சிஜன் போகாத இடத்துல 316-ம் குழி குழியா அரிக்கும், வெளிமுனை மட்டும் பளபளன்னு இருக்கும். வருஷம் முழுக்க தண்ணியில நிக்கிற படகுன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன். உங்களுது டிரெய்லர் படகு, ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணியில கழுவி காய வைக்கிறதா இருந்தா ஓடும். வருஷத்துக்கு ஒருதரம் உருவிப் பார்க்கணும்.

இன்னொண்ணு, 304-ஐயும் 316-ஐயும் காந்தத்துல பிரிக்க முடியாது. போல்ட் தலையில ஏ4-70 முத்திரை இருக்கான்னு பாருங்க, ஏ2-ன்னா அது 304. பாருக்கு மாலிப்டினம் டெஸ்ட் சொட்டு மருந்து போட்டுக் காட்டச் சொல்லுங்க, நல்ல கடையில வைச்சிருப்பாங்க.

---

காசிமேடு_ஃபைபர்:

துருவுக்கு வர்றேன். ஒரு பேனாக்கத்தி எடுத்து கீலைச் சுரண்டிப் பாருங்க. சில இடத்துல பென்சில் முனை மாதிரி கறுப்பா, மெத்துனு கத்தி இறங்கும். அங்க இரும்பு கரைஞ்சு போய் கிராஃபைட் மட்டும் மிச்சம். வயர் பிரஷ் போட்டா அது பளபளன்னு ஆகி நல்ல இரும்பு மாதிரியே தெரியும். அது மேல பெயின்ட் அடிச்சா ஒரு மாசத்துல கொப்புளம். துருவை மாத்துற ரசாயனம்னு விக்கிறாங்களே, அதுவும் மேலாப்புலதான் வேலை செய்யும், குழிக்குள்ள இருக்கிற உப்பை எடுக்காது.

பிளாஸ்டிங்தான் வழி, அதாவது துகளைக் காத்தழுத்தத்துல அடிச்சு துருவை எடுக்குறது. கார்னெட் இல்லேன்னா காப்பர் ஸ்லாக், எஸ்.ஏ. 2½ தரம்னு கேளுங்க, பட்டறைக்காரங்களுக்குப் புரியும். போரிங் முடிச்சிட்டுத்தான் பிளாஸ்டிங், புஷ் துளையை மரக்கட்டையால அடைச்சிட்டு. பிளாஸ்ட் பண்ணின உடனே பெயின்ட்டைத் தூக்காதீங்க, முதல் தரம் முடிஞ்சதும் நல்ல தண்ணியை பிரஷர்ல அடிச்சுக் கழுவி ஒரு ராத்திரி விடுங்க. மறுநாள் குழிகள்ல கறுப்புப் புள்ளியா ஈரம் கசிஞ்சு நின்னா உப்பு இன்னும் இருக்குன்னு அர்த்தம். திரும்பக் கழுவி திரும்ப பிளாஸ்ட். புள்ளி வராம நிக்கிற வரைக்கும் இதையே பண்ணணும். நம்ம ஊர்ல கீல் பெயின்ட் உரியுறதுக்கு பாதிக் காரணம் இந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கிறது.

கடைசி பிளாஸ்டிங் முடிஞ்ச மூணு நாலு மணி நேரத்துக்குள்ள முதல் கோட் போயாகணும். இங்கதான் சென்னைக் காத்து விளையாடும். காத்து 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம்னா பனிநிலை (காத்துல உள்ள ஈரம் தண்ணியா படியுற வெப்பநிலை) கிட்டத்தட்ட 26 டிகிரி. இரும்பு அதைவிட குறைஞ்சது 3 டிகிரி சூடா இருக்கணும், அதாவது 29. ராத்திரி ஷெட்ல கிடந்த 250 கிலோ இரும்பு காலையில 9 மணிக்கு 26, 27-லதான் இருக்கும், காத்து சூடானாலும் அது சீக்கிரம் சூடாகாது. கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் நிக்கும், தொட்டாலும் தெரியாது. அதனால 8 மணிக்கே கீலை வெயில்ல தள்ளிவைச்சு, 11 மணிக்கு மேல அடிங்க, 3 மணிக்கு நிறுத்துங்க. இரும்பு 40 டிகிரி தாண்டினாலும் வேண்டாம், பெயின்ட் பரவுறதுக்கு முன்னாடியே இழுத்துக்கும், ஊசித்துளை விழும். ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கி வைச்சுக்குங்க.

பெயின்ட் அளவு: கீல் ரெண்டு பக்கமும் ஓரமும் சேர்த்து 2 சதுர மீட்டர் வரும். காஞ்சபிறகு மொத்தம் 350 மைக்ரான் வேணும், அஞ்சு கோட். 60 சதவீதம் சாலிட்ஸ் (காஞ்சபிறகு மிஞ்சுற பொருள்) உள்ள, ரெண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற எபாக்ஸி பிரைமர்னா சேதாரம் சேர்த்து ஒன்றரை லிட்டர். ரெண்டாவது கோட்டுக்கு அப்புறம்தான் குழிகளை நிரப்பணும், வெறும் இரும்பு மேல இல்ல.

நிரப்புறதுக்கு கார் பட்டறை பட்டி வேண்டாம், அது பாலியஸ்டர், தண்ணி இழுக்கும். எல்.ஒய். 556 ரெசின், எச்.ஒய். 951 ஹார்டனர் வாங்கி, மைக்ரோபலூன் (பொள்ளலான நுண்ணுருண்டைப் பொடி) போட்டு தோசை மாவைவிட கெட்டியா குழைங்க. எடைக்கு எடை 100-க்கு 10. எடை மெஷின்ல வைச்சு கலக்கணும், படகு வேலையில பாலியஸ்டருக்கு மருந்து ஊத்துற மாதிரி கண்ணளவுல ஊத்தினா எபாக்ஸி இறுகவே இறுகாது. ஹார்டனர் கூடினாலும் அதே கதிதான். ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல கலக்காதீங்க, நம்ம சூட்டுல கப்புலயே புகைய ஆரம்பிக்கும். அகலமான தட்டுல பரப்பி வைச்சா கொஞ்சம் நேரம் கிடைக்கும். இறுகினபிறகு மேல மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்பு வரும். ஈரக்காத்துல அது கட்டாயம் வரும். தண்ணியும் ஸ்காட்ச் பிரைட்டும் போட்டுக் கழுவிட்டுத்தான் சாண்ட்பேப்பர். கழுவாம தேய்ச்சா அந்தப் பிசுக்கு உள்ள அமுங்கி, அடுத்த கோட் பிடிக்காது.

செம்பு கலந்த ஆன்ட்டிஃபவுலிங் (பாசி, கொட்டலசு ஒட்டாத பெயின்ட்) போடுறதா இருந்தா, இந்த 350 மைக்ரான் முழுசா இருந்தாத்தான். செம்பு நேரா இரும்பைத் தொட்டா அந்த இடமே தின்னுடும். டிரெய்லர் படகுக்கு ஆன்ட்டிஃபவுலிங்கே வேண்டாம்னுதான் என் கருத்து. ரெண்டு மூணு வாரம் தொடர்ந்து தண்ணியில விட்டா மட்டும் யோசிங்க. அப்போ கொட்டலசு கீலைவிட ட்ரங்குக்குள்ளதான் அதிகம் பிடிக்கும், கீல் மேலேயும் போகாம கீழேயும் வராம மாட்டிக்கும்.

கீல் வெளியில இருக்கும்போதே ட்ரங்கையும் பிராக்கெட் உட்காருற இடத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. போல்ட் துளையைச் சுத்தி நட்சத்திரம் மாதிரி விரிசல் இருந்தா கிரைண்டர்ல இறங்குங்க. நல்ல ஃபைபர் வர்ற வரைக்கும். ஓரத்தை கனத்தைப்போல 12 மடங்கு சரிவா இழுத்து, எபாக்ஸியில கிளாஸ் துணி போட்டு நிரப்பணும். 5 மி.மீ. கனம்னா சரிவு 6 செ.மீ. நேர்வெட்டா வெட்டி நிரப்பினா அந்தக் கோட்டுலயே திரும்ப விரியும்.

---

துறைமுகம்_61:

வயரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இழை அறுந்தால் வயர் முடிந்தது, ஒட்டுப்போடும் வேலையே இல்லை. 5 மி.மீ., 316, 7×19 வகை (19 மெல்லிய இழை கொண்ட 7 புரி) கேளுங்கள். 7×7 கிடைக்கிறது என்று கொடுப்பார்கள். அது விறைப்பு, சிறிய டிரம்மில் சுற்றச் சுற்ற இழை ஒடியும். வயர் முனையை மடித்த வளையத்துக்குள் திம்பிள் (வளையம் தேயாமல் காக்கும் உலோகக் காடி) வைத்து, செம்பு ஸ்லீவ் போட்டு அழுத்த வேண்டும். அலுமினிய ஸ்லீவ் ஸ்டெயின்லெஸ்ஸோடு உப்புத்தண்ணீரில் வெள்ளைப் பொடியாகிவிடும். கம்பிக்கடையில் விற்கும் யு-கிளாம்ப் தண்ணீருக்கடியில் வேண்டாம். கீல் முழுதும் இறங்கிய நிலையிலும் டிரம்மில் நான்கு சுற்று மிஞ்ச வேண்டும், நீளத்தை அதற்கேற்ப வெட்டுங்கள்.

வயர் உள்ளே வரும் குழாய்க்கும் வின்ச்சுக்கும் நடுவில் ஒரு ரப்பர் ஹோஸ் இருக்குமே, அதை இப்போதே மாற்றிவிடுங்கள். அந்த ஹோஸ் பிளந்தால் நேரே கேபினுக்குள் தண்ணீர். இரண்டு முனையிலும் இரண்டிரண்டு கிளாம்ப், திருகுகூட ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்க வேண்டும். பட்டை மட்டும் ஸ்டெயின்லெஸ், திருகு சாதா இரும்பு என்றுதான் பல கடையில் வருகிறது.

---

பாய்மரம்_ஈசிஆர்:

திரும்ப மாட்டும்போது போல்ட்டுக்கு என்ன சீலன்ட்? இரும்புக்குப் பதிலா அது அரிஞ்சு போற மாதிரி ஜிங்க் கட்டி (அனோடு) ஒண்ணு கீல்ல முடுக்கலாமா?

---

பாடி_லேத்:

பிராக்கெட்டுக்கு பாலிசல்ஃபைட். கெட்டி பாலியூரிதேன் போட்டா அடுத்த தடவை கழற்றும்போது ஃபைபரும் சேர்ந்து வரும். சிலிக்கான் வேண்டவே வேண்டாம், அது பட்ட இடத்துல பெயின்ட் ஜென்மத்துக்கும் ஒட்டாது. நாலு போல்ட்டையும் கையால ஓட்டி, கீலை வின்ச்சுல ரெண்டு தடவை ஏத்தி இறக்கி, பிராக்கெட் தானா நேர்ல உட்கார்ந்தபிறகு குறுக்கு மறுக்கா இறுக்குங்க. எம்12-க்கு 50 நியூட்டன் மீட்டர் தாண்ட வேண்டாம். மேலே தகட்டுல மரை போயிருந்தா ஹெலிகாயில் (புது மரை தர்ற கம்பிச் சுருள்) போடுங்க, நீளமான போல்ட் வைச்சு சமாளிக்கப் பார்த்தா உள்ள தரையைக் குத்தும்.

ஜிங்க் உப்பங்கழியில சரியா வேலை செய்யாது. பாதி உப்புத்தண்ணியில மேல ஒரு ஏடு கட்டி உறங்கிடும். போடணும்னா அலுமினியம் அனோடு, இரும்போட நேரடித் தொடர்பு இருக்கணும், மேல பெயின்ட் படக் கூடாது. நாள் கணக்கா தண்ணியில நிக்காத படகுக்கு அதுகூட அவசியம் இல்லை.

---

காசிமேடு_ஃபைபர்:

முதல் தரம் இறக்கும்போது டிரெய்லர் கொக்கியைக் கழற்றாமலே பத்து நிமிஷம் படகை மிதக்க விட்டு, ஹோஸ், போல்ட் தலைக்கு மேல இருக்குற தரை ரெண்டையும் டிஷ்யூ பேப்பர் வைச்சுத் தொட்டுப் பாருங்க. ஈரமானா அப்படியே மேல இழுத்துடலாம். கீல் இறக்குறப்போ வின்ச் கைப்பிடியை விட்டுடாதீங்க, புது புஷ்ல கீல் முன்னைவிட லேசா இறங்கும், பழைய கை பழக்கத்துல விட்டா கைப்பிடி சுத்திக்கிட்டு வந்து மணிக்கட்டுல அடிக்கும்.